முப்பத்தேழாம் நம்பர் கால்

ஒன்பது வருஷமாகக் கெசியாவின் காலை யாரும் சந்தேகப்பட்டதில்லை. ஆளைச் சந்தேகப்பட்டிருக்கிறார்கள், நாலு பேர் வேலை செய்கிற இடம் என்றால் அதெல்லாம் உண்டுதான். லீவு லெட்டரில் எழுதிய காய்ச்சல் நிஜக் காய்ச்சல்தானா, கேன்டீன் வடை அவள் டிபன் பாக்ஸுக்குள் எப்படிப் போனது என்றெல்லாம் பேச்சு வரும், போகும். கால் விஷயத்தில் மட்டும் மூச். அதனால்தான் சனிக்கிழமை சாயங்காலம் சீனிவாசன் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றுகொண்டு, "கெசியாம்மா, கோச்சிக்காதீங்க. உங்க கால்தான் பொய் சொல்லுதோன்னு எனக்குத் தோணுது" என்று சொன்னபோது அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

காலைப் போய் ஒருத்தர் எதற்குச் சந்தேகப்பட வேண்டும் என்று கேட்பீர்கள். ஆம்பூரில் அவள் வேலை செய்த ஃபேக்டரியிலிருந்து லேடீஸ் ஷூ கப்பல் கப்பலாக வெளிநாட்டுக்குப் போகும். எந்தப் புது மாடலாக இருந்தாலும் முதல் ஜோடியை முப்பத்தேழாம் நம்பரில்தான் தைப்பார்கள். அது சரியாக இருக்கிறதா என்று பார்க்க இம்மி பிசகாத முப்பத்தேழு நம்பர் கால் ஒன்று வேண்டும். நீளம் சரியாக இருந்தால் அகலம் இருக்காது, அகலம் இருந்தால் விரல் கோணலாக இருக்கும். அப்படிப்பட்ட கால் ஆயிரத்தில் ஒன்று கிடைத்தாலே அதிசயம். ஆபீசில் டைப் அடிக்க வந்த கெசியாவுக்கு அது இருந்தது. சாம்பிள் ரூம் மாஸ்டர் அளந்து பார்த்துவிட்டு, "ஆண்டவர் இந்தப் பொண்ண லாஸ்ட் மேல போட்டுத்தான் செஞ்சிருக்காரு" என்றார். லாஸ்ட் என்பது ஷூவை உருவாக்குவதற்கான கால் வடிவ அச்சு. அன்றிலிருந்து அவளுக்குக் கால் ஆபீசர் என்று பேர்.

வேலை ஒன்றும் பிரமாதமில்லை. முதல் ஜோடியைப் போட்டுக்கொண்டு வராந்தாவில் பத்து நடை நடக்க வேண்டும். "சுண்டுவிரல்ல கடிக்குது", "குதிகால் வழுக்குது" என்று சொல்ல வேண்டும். மாஸ்டர் திருத்துவார். மறுபடி நடை. கடைசியில் "சரி" என்று அவள் அட்டையில் கையெழுத்துப் போட்டால்தான் அந்த மாடல் ஆயிரக்கணக்கில் தைக்கப்படும். மேனேஜர் ரிச்சர்டே அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கெசியாவுக்கு அதில் கர்வம் இல்லை என்று சொன்னால் அவளே சிரிப்பாள்.

அந்தத் தொண்ணூற்றொன்பதாம் வருஷம், ஐப்பசி பிறந்ததும் பிறக்காததுமாக ஒரு ஃபேக்ஸ் வந்தது. நாலாயிரம் ஜோடி பிரவுன் கலர் நடை ஷூ, வாங்கினவர்கள் எல்லாம் திருப்பிக் கொடுக்கிறார்கள், சுண்டுவிரலைக் கடித்துக் குதறுகிறது என்று. ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்து மனுஷனைக் கடித்த கதையாக, பசையைக் குறை சொல்லி, நூலைக் குறை சொல்லி, கடைசியில் பழி சீனிவாசன் தலையில் வந்து விழுந்தது. தைத்த தோலை லாஸ்ட் மேல் இழுத்துப் பிடித்து ஒட்டுகிற மெஷினில் இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறவர் அவர். அங்கே ஒரு மயிரிழை கூடுதலாக இழுத்தால் ஷூ இறுகிவிடும். ரிச்சர்ட் இரண்டே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "கெசியா கால் சரின்னு சொல்லிடுச்சி. அப்ப உன் கைதான் தப்பு." திங்கட்கிழமையிலிருந்து சீனிவாசன் கேட்டுக்குள் வர வேண்டாம்.

சீனிவாசன் அன்று கையில் நியூஸ்பேப்பர் சுற்றிய பொட்டலம் ஒன்று வைத்திருந்தார். பிரித்தால் அதே பிரவுன் ஷூ. அவள் கையெழுத்துப் போட்ட முதல் ஜோடி.

"இத மாஸ்டர் கையால செஞ்சாரு. என் மெஷின் இதத் தொடவே இல்ல" என்றார். "வழவழன்னு இருக்கற வராந்தாவுல பத்து நடை நடந்தா இன்னா தெரியும்? மலை மேடு ஏறி எறங்கிப் பாருங்க. கடிச்சா தப்பு ஆரம்பத்துலயே இருக்குன்னு அர்த்தம், என் கை தப்பில்ல. கடிக்கலன்னா, நானே பேசாம போய்டறேன். உங்க வாயால ஒரு வார்த்த போதும்."

கெசியாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் வயசில் மூத்தவர், கண் கலங்கி நிற்கிறார். "நாளைக்கு சர்ச் முடிஞ்சதும் சிலுவை மலைக்குப் போறேண்ணா. நீங்க கூட வராதீங்க. உங்க மூஞ்சியப் பாத்துட்டே நடந்தா கடிக்காததும் கடிக்கிற மாதிரி இருக்கும். கீழ கண்ணம்மாள் டீக்கடையில இருங்க" என்றாள். மனசுக்குள், 'பாவம், போகப் போற மனுஷன்' என்று நினைத்துக்கொண்டாள்.

சிலுவை மலை பெரிய மலை ஒன்றும் இல்லை. ஊருக்குத் தெற்கே பாறையும் காரைமுள்ளுமாக ஒரு கரடு. உச்சியில் சர்ச்காரர்கள் ஒரு சிலுவை நட்டிருக்கிறார்கள். ஈஸ்டர் விடியலில் கும்பலாக ஏறுவார்கள், மற்ற நாளில் ஆடுதான் ஏறும். முக்கால் மணி நேரம் போதும். புருஷன் ஏசுராஜ், "மழ வரும்போல இருக்கு, அடுத்த வாரம் போயேன்" என்றான். அடுத்த வாரம் சீனிவாசனுக்கு ஏது?

அவள் ஏற ஆரம்பித்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. கால் பாகம் ஏறுவதற்குள் ஜவ்வாது மலைப் பக்கமிருந்து காற்று கிளம்பி முந்தானையைப் பிடுங்கியது. அப்புறம் மேகம் இறங்கி, கீழே ஹைவேயும் பாலாற்று மணலும் தோல் பதனிடுகிற ஷாப்புகளின் ஓடுகளும் ஒவ்வொன்றாக மறைந்தன. இது எதற்கும் கெசியா அசரவில்லை. அவள் கவனமெல்லாம் காலில் இருந்தது. பாறை மேல் பக்கவாட்டில் மிதித்தாள். கடிக்கவில்லை. சரிவில் வேண்டுமென்றே முன்பாதத்தை அழுத்தி ஊன்றினாள். கடிக்கவில்லை. பூப்போல இருக்கிறது! ஒன்பது வருஷத்தில் இவ்வளவு சுகமான ஷூ போட்டதே இல்லை என்றுகூடத் தோன்றியது.

பாதி மலையில் மழை பிடித்துக்கொண்டது. சாய்ந்து நின்ற ஒரு பாறைக்கடியில் ஒதுங்கினாள். கால் மணி நேரம் கொட்டு கொட்டென்று கொட்டிவிட்டு ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நின்றது. மறுபடி வெயில். தண்ணீர் நிறைந்த ஷூ சளக் சளக்கென்றது. ஈரத்தில்தான் ஷூவின் நிஜ குணம் தெரியும் என்று மாஸ்டர் சொல்வார். சரி, அதையும் பார்த்துவிடலாம் என்று இன்னும் வேகமாக ஏறினாள். சீனிவாசனிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்து வாக்கியத்தைக்கூடத் தயார் பண்ணிவிட்டாள். "அண்ணா, என்னால பொய் சொல்ல முடியாது." நல்ல வாக்கியம். இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள்.

உச்சியில் சிலுவை மேடையில் உட்கார்ந்து, தண்ணீரை வடிப்பதற்காக இடது ஷூவைக் கழற்றினாள். கவிழ்த்தபோது விழுந்த தண்ணீர் செவசெவ என்றிருந்தது. வெள்ளை சாக்ஸின் முன்பாதி முழுக்கச் சிவப்பு.

'சாயம் போகுது' என்றுதான் முதலில் நினைத்தாள். தோல் ஊரில் பிறந்த யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். மழையில் நனைந்த மட்டமான லைனிங் சிவப்பாகச் சாயம் விடுவது தினப்படி சங்கதி. இதை முதல் வேலையாக மாஸ்டரிடம் சொல்லி ஒரு பிடி பிடிக்க வேண்டும் என்றுகூட மனசு கணக்குப் போட்டது. ஷூவின் வாயை விரித்து உள்ளே பார்த்தாள். லைனிங் வெள்ளை ஆட்டுத்தோல். அதற்குச் சாயமே ஏற்றவில்லை. ஏற்ற வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதே அவள்தான்.

சாக்ஸைக் கழற்றினாள். சுண்டுவிரலின் பக்கத்தில் தோலே இல்லை. வாழைப்பழத்தை உரித்த மாதிரி சதை சிவப்பாக வெளியே தெரிந்தது, நகம் ஒருபக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. வலது ஷூவையும் பிடுங்கினாள். அங்கும் அதேதான், இன்னும் மோசம். ரத்தம் நிற்காமல் கசிந்துகொண்டிருந்தது.

வலிக்கவில்லை.

கெசியா அந்தக் கால்களையே பார்த்தாள். யாரோ வேறொருத்தியின் கால்களைக் கொண்டுவந்து தன் முன்னால் வைத்துவிட்டுப் போனதுபோல இருந்தது. அதிர்ச்சியில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்பார்களே, அப்படி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாளோ தெரியாது. மறுபடி ஒரு தூறல் வந்து நின்றது. பிறகு பக்கத்துப் புதரிலிருந்து ஒரு காரைமுள்ளை ஒடித்து, கட்டைவிரலில் வைத்து மெல்ல அழுத்தினாள். முள் இறங்குவதைக் கண் பார்த்தது. கால் சொல்லவில்லை. பாதத்தின் நடுவில் குத்தினாள், இல்லை. குதிகாலில் இல்லை. கணுக்காலில் இல்லை. கணுக்காலுக்கு மேல் நாலு விரற்கடை தள்ளிக் குத்தியபோதுதான் சுரீரென்றது. "ஆ!" என்று கத்தினாள். அந்த வலிக்காக அவள் சந்தோஷப்பட்டாள். மறு நிமிஷமே அதற்குக் கீழே இருந்தது அத்தனையும் செத்துக் கிடக்கிறது என்று புரிந்தது.

எப்போதிலிருந்து? மகள் ஜெனிஃபா கேலி செய்வாள்: "அம்மா, ஒரு செருப்ப ரோட்லயே விட்டுட்டு வந்துட்டீங்க." இந்த வருஷத்தில் மூன்று தரம் அப்படி ஆகியிருக்கிறது. மறதி என்று சிரித்திருக்கிறாள். செருப்பு கழன்றது கால்காரிக்கே தெரியவில்லை என்று யாருக்குத் தோன்றும்? கடைசியாக ஒரு ஷூவைக் கடிக்கிறது என்று அவள் சொன்னது எப்போது? யோசித்தாள். போன வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால், கறுப்பு ஷூ ஒன்று. அதற்கப்புறம் பதினாலு மாடல். பதினாலுக்கும் முதல் நடையிலேயே "சரி." "கெசியா இப்பல்லாம் ஒரு குறையும் சொல்றதில்ல, மாஸ்டர் கை நல்லா படிஞ்சிடுச்சி" என்று ரிச்சர்ட் எல்லார் முன்னாலும் பாராட்டியது ஞாபகம் வந்தது. அன்று கைதட்டினார்கள். மாஸ்டருக்குச் சால்வைகூடப் போட்டார்கள்.

அந்த ஜில்லாவில் பிறந்தவர்களுக்கு இதற்கு இரண்டு பேர் தெரியும். ஒன்று சர்க்கரை. இன்னொன்றை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. 'உணர்ச்சியற்ற தேமலா?' என்று சுவரில் எழுதியிருப்பார்கள், படிக்காத மாதிரி நடந்து போய்விடுவார்கள். எதுவாக இருந்தாலும் டாக்டர் இருக்கிறார், மருந்து இருக்கிறது என்று புத்தி சொன்னது. புத்தி சொல்லி மனசு என்றைக்குக் கேட்டது? கால் போனால் கால் ஆபீசர் ஏது? வேலை போகும், பேர் போகும், கேன்டீனில் அவள் உட்காரும் பெஞ்சில் யாரும் உட்கார மாட்டார்கள்.

அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. மலையில் யாருமில்லை. பாறைக் குழியில் தேங்கிய மழைத் தண்ணீரில் கழுவிவிட்டு ஷூவை மாட்டிக்கொண்டால் தீர்ந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கஷ்டம்கூட இதில் இல்லை. ஒரு சாக்ஸுக்குள் மறைந்துவிடும். தயார் செய்த வாக்கியம் தயாராகவே இருக்கிறது. நாளைக்கே லீவு போட்டு வேலூருக்குப் போய்க் காட்டிக்கொள்ளலாம், யாருக்கும் தெரியாது. சீனிவாசனுக்கு வேறு ஃபேக்டரி கிடைக்காமலா போகும்? வாணியம்பாடியில் ஆள் எடுக்கிறார்களாம்.

அவள் கழுவினாள். சாக்ஸைப் பிழிந்து போட்டுக்கொண்டாள். ஷூவை மாட்டி இறங்கினாள். இறங்குகிற ஒவ்வொரு அடியிலும் அந்தத் தோல் தன் சதையை அரைத்துக்கொண்டிருக்கிறது என்று தெரியும்; தெரிந்தும் பூப்போல இருந்தது. ஏறும்போது அவளை மயக்கிய அதே சுகம் இப்போது அவளைப் பயமுறுத்தியது. அழுதுகொண்டே இறங்கினாள். "ஆண்டவரே, கொஞ்சம் வலிக்க வையுங்க, கொஞ்சமாவது" என்று வாய்விட்டுக் கெஞ்சினாள். பாறையில் வேண்டுமென்றே காலை உதைத்தாள். வலிக்கவில்லை.

கீழே வரும்போது வானம் வெளுத்து, ரோடெல்லாம் மின்னிக்கொண்டிருந்தது. கண்ணம்மாள் டீக்கடையை இழுத்துச் சாத்திவிட்டு மத்தியானச் சோற்றுக்குப் போயிருந்தாள். வெளி பெஞ்சில் சீனிவாசன் மட்டும், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, மழையில் நனைந்த சைக்கிளோடு. அவளைத் தூரத்தில் பார்த்ததும் எழுந்து நின்றார். அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தார். இருபத்திரண்டு வருஷம் ஷூவோடு இருந்தவர். கடிக்கிற ஷூ போட்டவர் எப்படி நடப்பார் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கெசியா நேராக, ஒரு சின்ன நொண்டலும் இல்லாமல், ஃபேக்டரி வராந்தாவில் நடப்பதுபோல நடந்து வந்தாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"கடிக்கல" என்றார் அவரே. "தெரியுதும்மா. நீங்க நடக்கறத பாத்தாலே தெரியுது. சரி."

கெசியா பெஞ்சருகே வந்து நின்றாள்.

"உங்கள வேற மழையில அலைய விட்டுட்டேன். மன்னிச்சிக்கங்க." அவர் சைக்கிள் ஸ்டாண்டை எடுத்தார். "எனக்குத்தான் கை நடுங்குது போல. எனக்கே தெரியாம இழுத்திருப்பேன். வயசாச்சி இல்ல? இனிமே இதப் பத்தி நான் பேச வரமாட்டேன்னு மேனேஜர்கிட்ட சொல்லிடுங்க. அந்த ஷூவ மட்டும் மாஸ்டர்கிட்ட குடுத்துடுங்கம்மா."

ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை; சும்மா நின்றால் போதும். அவர் தன் கையைத் தானே குற்றம் சொல்லிக்கொண்டு போகிறார். சைக்கிள் பத்தடி உருண்டது. கெசியாவுக்குத் தன்மேல் வந்த அருவருப்பு கொஞ்சநஞ்சமல்ல.

"சீனிண்ணா, நில்லுங்க!" கத்திய கத்தலில் தொண்டை கிழிந்தது. பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு ஷூவையும் சாக்ஸையும் இழுத்து எறிந்தாள். திரும்பி வந்தவர் குனிந்து பார்த்து, "அய்யோ!" என்று பின்வாங்கினார்.

"உங்க கை தப்பில்ல. ஷூ கடிக்குது. என் காலுக்குத்தான் தெரியல."

சீனிவாசன் அவளையும் காலையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் இறுகியது. "இன்னாம்மா இது? இவ்ளோ கிழிஞ்ச காலோட யாராவது இப்படி நடந்து வருவாங்களா? எனக்குப் பாவம் பாத்து கல்லுல தேச்சிட்டு வந்தீங்களா? வேணாம்மா. பொய் சொல்லி எனக்கு வேல வாங்கித் தர வேணாம்."

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. உள்ளதைச் சொன்னாலும் நம்பாத உலகமாகிவிட்டது. "பொய்யில்லண்ணா. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன். நீங்க புண்ணுலயே பெருவிரல வெச்சி அழுத்துங்க. நான் அசையறனான்னு பாருங்க."

காலை அவர் பக்கம் நீட்டிவிட்டு ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பெங்களூர் பஸ் ஒன்று தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போனது. காத்திருந்தாள்.

"அழுத்துங்கண்ணா."

பதில் இல்லை. பயப்படுகிறார் போலிருக்கிறது.

"எவ்ளோ நேரம்ணா, தயங்காம அழுத்துங்க. எனக்கு ஒண்ணும் ஆகாது."

அப்போதும் பதில் இல்லை. திரும்பினாள். சீனிவாசனின் பெருவிரல், நகம் வெளுத்துப்போகிற அளவுக்கு அவள் சுண்டுவிரல் புண்ணுக்குள் அழுந்திக்கொண்டிருந்தது. ரத்தம் அவர் உள்ளங்கை வழியாக மணிக்கட்டுக்கு ஓடியது. அவர் அவளையே பார்த்து, சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார்.

கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். தலையில் கிடந்த துண்டை உருவி அவள் காலைச் சுற்றி அவசர அவசரமாக மூடினார். "மூடிக்கங்கம்மா, மூடிக்கங்க. யாராவது பாத்துடப் போறாங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். என் புள்ளைங்க மேல சத்தியம். நான் வேற எடத்துல பாத்துக்கறேன், நீங்க மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க."

ஒரு வாரமாகத் தேடிய சாட்சி கையில் கிடைத்த மனுஷன் அதை மூடி மறைக்கப் பார்க்கிறார். கெசியாவுக்கு அதைத் தாங்க முடியவில்லை. மலையில் அழுது தீராத அழுகையெல்லாம் குலுங்கிக் குலுங்கி வந்தது. அழுது முடிக்கும்வரை அவர் துண்டைப் பிடித்துக்கொண்டே குந்தியிருந்தார்.

"நாளைக்கு எட்டு மணிக்கு வாங்கண்ணா" என்றாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "மேனேஜர் மேஜ மேல இந்தக் கால வெக்கப் போறேன். பதினாலு மாடலையும் சொல்லப் போறேன். அப்ப நீங்க எங்கயும் போகக் கூடாது. எம் பக்கத்துலயே நில்லுங்க. எனக்கு ரொம்ப பயமா இருக்கு."